வைஃபை கோடு முழுசா இருக்கு, நெட் மட்டும் இல்லை (லேப்டாப்பில் மட்டும்)

பக்கம்36:

வணக்கம். வைகாசியிலிருந்து உயிரை எடுக்கிற பிரச்சினை இது. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். "ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்கிற கட்டத்தையெல்லாம் எப்போதோ தாண்டிவிட்டேன்.

ஊர் கும்பகோணம். வீட்டிலிருந்தே கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறேன். ஸ்டூடியோவிலிருந்து ஃபோட்டோக்கள் வரும், ஃபோட்டோஷாப்பில் பக்கம் பக்கமாக அடுக்கி, பார்ட்டிக்குக் காட்டச் சின்ன சைஸில் வாட்ஸ்அப்பிலும், பிரிண்டுக்குப் பெரிய சைஸில் லேபுக்கு கூகுள் டிரைவிலும் அனுப்ப வேண்டும். அனுப்பும் நேரம் பார்த்துத்தான் நெட் போகிறது.

லேப்டாப் 8 வருடப் பழசு. எஸ்எஸ்டி போட்டு, ராம் ஏற்றி ஓட்டிக்கொண்டிருக்கிறேன், விண்டோஸ் 10. வீட்டில் ஃபைபர், 100 எம்பிபிஎஸ் ப்ளான். ரவுட்டர் ஹாலில் இருக்கிறது, நான் உட்காருவது அடுத்த அறை, பதினைந்து அடிகூட இருக்காது. வைஃபை கோடு எப்போதும் முழுசாகத்தான் இருக்கும். ஆனால் வேலை நடுவில் திடீரென்று எல்லாம் சுற்ற ஆரம்பிக்கும். சில நேரம் பூமி உருண்டைப் படம் வந்து இன்டர்நெட் இல்லை என்று சொல்லும், சில நேரம் அதையும் சொல்லாமல் கனெக்டட் என்றே காட்டிக்கொண்டு ஒரு பக்கத்தைக்கூடத் திறக்காது. அதே நிமிடம் கையில் இருக்கிற ஃபோனில், அதே வைஃபையில், யூடியூப் ஜோராக ஓடும். அதைப் பார்த்தால்தான் எரிச்சல் இன்னும் ஏறுகிறது.

இதுவரை செய்தது: வைஃபை பெயரை மறக்கச் சொல்லிவிட்டு மறுபடி பாஸ்வேர்டு போட்டாயிற்று. நெட்வொர்க் ரீசெட் இரண்டு தடவை. டிரைவர் புதுசு. நெட் கம்பெனியிலிருந்து ஒரு தம்பி ஆடி மாதம் வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தார், அன்றைக்கு ஒரு நொடிகூடப் போகவில்லை, "நல்லாத்தானேக்கா இருக்கு" என்று காபி குடித்துவிட்டுப் போனார். லேப்டாப்பைக் கடையில் கொடுத்தேன், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஃபார்மட் அடித்துவிட்டார்கள். ஐந்து வருடமாகச் சேர்த்த ஃபோட்டோஷாப் ஆக்ஷன், பிரஷ், ஃபான்ட் எல்லாம் போச்சு. மூன்று நாள் அங்கே ஓட்டிப் பார்த்ததில் நன்றாக இருந்ததாம். வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று சாயங்காலமே நெட் போனது. ஃபோன் ஹாட்ஸ்பாட்டில் போட்டாலும் இதே கதைதான், அதனால் மதர்போர்டே போயிருக்கும் என்கிறார்கள் கடையில் இப்போது.

ஒன்று சொன்னால் சிரிக்கக்கூடாது. முகூர்த்த மாதத்தில்தான் இது வருகிறது. வைகாசி, ஆனி இரண்டிலும் படுத்தியது. ஆடியில் வேலை இல்லாமல் படம் பார்த்துக்கொண்டிருந்தேன், ஒரு நாள்கூடப் போகவில்லை. ஆவணி பிறந்ததும் மறுபடி ஆரம்பித்துவிட்டது. ஊரே கல்யாண வீடியோ ஏற்றுவதால் லைன் அடைத்துக்கொள்கிறதா? உன் லேப்டாப்புக்கு ஆடித் தள்ளுபடி என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் மூன்று ஆல்பம் போக வேண்டும்.

மேலவீதி:

அக்கா, டிஎன்எஸ்ஸை 8.8.8.8 என்று மாற்றிப் பாருங்கள். எனக்கும் இதேபோல் கோடு முழுசாக இருந்து எதுவுமே திறக்காமல் இருந்தது, மாற்றினதும் பறந்தது. இல்லையென்றால் 1.1.1.1 போடுங்கள். அப்புறம் ரவுட்டரை ஒரு தடவை ஆஃப் செய்து... சரி சரி, சொல்லவில்லை.

ஈயப்பற்று:

மேலவீதி தம்பி, கோபித்துக்கொள்ளாதீர்கள், எந்த வலியாக இருந்தாலும் தைலம் தடவுகிற மாதிரி எல்லாவற்றுக்கும் டிஎன்எஸ் மாற்றச் சொல்வது இப்போது ஒரு வழக்கமாகிவிட்டது. டிஎன்எஸ்ஸின் வேலை தளத்தின் பெயரைச் சொன்னால் அதன் எண்ணைச் சொல்வது, அவ்வளவுதான். உங்கள் வீட்டில் அது கோளாறாக இருந்திருக்கும், சரியானது. இங்கே ஹாட்ஸ்பாட்டிலும் போகிறது என்கிறார்களே, ஹாட்ஸ்பாட் வேறு கம்பெனி, வேறு டிஎன்எஸ். இரண்டும் ஒரே நேரத்தில் கெடுவதற்கு வாய்ப்பு மிகக் குறைவு.

சகோதரி, ஒன்றும் மாற்ற வேண்டாம். முதலில் எங்கே அறுகிறது என்று பார்ப்போம். வீட்டுக் குழாயில் தண்ணீர் நின்றால் எடுத்தவுடன் நகராட்சிக்கா ஃபோன் போடுவோம்? பக்கத்துக் குழாயைத் திறந்து பார்ப்போம், மாடியேறி டேங்கைப் பார்ப்போம், மோட்டாரைப் பார்ப்போம். கிட்டே இருப்பதிலிருந்து தூரத்துக்குப் போக வேண்டும். நெட்டும் அப்படித்தான். லேப்டாப்பிலிருந்து ரவுட்டர் ஒரு துண்டு, ரவுட்டரிலிருந்து வெளியுலகம் ஒரு துண்டு, பெயரைக் கேட்டு எண்ணை வாங்குவது ஒரு துண்டு.

ஸ்டார்ட்டில் சிஎம்டி என்று அடித்தால் கறுப்புத் திரை வரும். அதில் ஐபிகான்ஃபிக் என்று அடியுங்கள் (நான் இங்கே தமிழில் எழுதினாலும் அங்கே ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும்). வைஃபை என்று போட்டிருக்கிற பகுதியில் டீஃபால்ட் கேட்வே என்ற வரியில் ஓர் எண் இருக்கும், பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. அதுதான் உங்கள் ரவுட்டர். அதற்கு இரண்டு வரி மேலே உங்கள் லேப்டாப்பின் எண் இருக்கும், அது 169.254 என்று ஆரம்பித்தால் உடனே சொல்லுங்கள், ரவுட்டர் எண் கொடுக்காததால் விண்டோஸ் தானாக ஒன்றைப் போட்டுக்கொண்டது என்று அர்த்தம், அது வேறு வழக்கு.

இப்போது கறுப்புத் திரையை மூன்று தடவை திறந்து பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒன்றில் பிங் என்று அடித்து, இடைவெளி விட்டு ரவுட்டர் எண்ணை அடித்து, மறுபடி இடைவெளி விட்டு மைனஸ் டி ('டைம்' என்பதில் வருகிற டி). இரண்டாவதில் அதே மாதிரி, எண் மட்டும் 8.8.8.8. மூன்றாவதில் எண்ணுக்குப் பதிலாக ஏதாவது ஒரு தளத்தின் பெயர். மைனஸ் டி போட்டால் நீங்கள் கன்ட்ரோல் சி அழுத்துகிற வரை ஓடிக்கொண்டே இருக்கும். அப்படியே விட்டுவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். நெட் போகிற நேரத்தில் எந்த ஜன்னலில் ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட் (பதில் வரவில்லை) என்று வருகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். மூன்றாவது ஜன்னல் பெயரை ஆரம்பத்தில் ஒரு தடவைதான் கேட்கும், அதனால் நெட் போகிற நேரத்தில் அதை மட்டும் நிறுத்தி மறுபடி அடியுங்கள், மற்ற இரண்டும் ஓடும்போது அது மட்டும் பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் மேலவீதி ஜெயித்தார். இரண்டிலும் மூன்றிலும் என்றால் கம்பெனிக்காரரைக் கூப்பிடலாம். முதல் ஜன்னலிலேயே வந்தால் பிரச்சினை உங்கள் அறைக்குள்ளேயே இருக்கிறது.

இன்னொன்று. அந்த 'இன்டர்நெட் இல்லை' அறிவிப்பை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். விண்டோஸ் அவ்வப்போது மைக்ரோசாஃப்ட் சர்வரிலிருந்து ஒரு துளியூண்டு டெக்ஸ்ட் ஃபைலை இழுத்துப் பார்க்கும். வந்தால் நெட் இருக்கிறது, வராவிட்டால் இல்லை. எங்கே அறுந்தது என்பது அதற்குத் தெரியாது.

பக்கம்36:

அண்ணா, மிக்க நன்றி. இவ்வளவு பொறுமையாக யாரும் சொன்னதில்லை. நேற்று ராத்திரி பார்த்தேன். எண் 192.168.1.7 என்று சரியாகத்தான் இருக்கிறது. சும்மா இருக்கும்போது ரவுட்டர் ஜன்னலில் 2, 3 மில்லிசெகண்ட் என்று ஓடியது. வேலையை ஆரம்பித்துப் பத்து நிமிடம் இருக்கும், முதல் ஜன்னலிலேயே 400, 1,800, டைம்ட் அவுட், டைம்ட் அவுட், 90, மறுபடி டைம்ட் அவுட். மற்ற இரண்டும் அதே நேரத்தில் செத்துவிட்டன. அப்படியென்றால் என் அறைக்குள் தானே? கம்பெனித் தம்பியை வேறு ஃபோனில் திட்டித் தொலைத்தேன்.

சந்தேகி:

ரவுட்டர் வரைக்குமே போகவில்லை என்றால் சேனல் நெரிசலாக இருக்கும். வைஃபை பேசுகிற 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 1, 6, 11 மூன்று சேனல்தான் ஒன்றோடொன்று இடிக்காமல் இருக்கும், தெருவில் இருக்கிற எல்லா ரவுட்டரும் அந்த மூன்றில்தான் அடித்துக்கொள்ளும். ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து சேனலை மாற்றிப் பாருங்கள். வீட்டில் மைக்ரோவேவ் இருக்கிறதா? அதுவும் 2.45இல் தான் வேலை செய்கிறது, பழைய அடுப்பாக இருந்தால் கதவு வழியாகக் கசிந்து வைஃபையைக் கெடுக்கும்.

பக்கம்36:

மைக்ரோவேவ் எல்லாம் இல்லைங்க, இட்லிப் பானைதான். சேனல் மூன்றையும் மாற்றிப் பார்த்தேன். ஒரு வித்தியாசமும் இல்லை. 5 ஜிகாஹெர்ட்ஸுக்கு மாறலாம் என்றால் லேப்டாப்பில் அந்தப் பெயரே தெரியவில்லை, ஃபோனில் மட்டும்தான் தெரிகிறது.

இது சம்பந்தமில்லாத விஷயம், இருந்தாலும் கேட்கிறேன்: மவுஸும் திக்கித் திக்கிப் போகிறது. வயர் இல்லாத மவுஸ், சின்ன டாங்கிள் செருகுவது. பேனா டூலில் ஒரு தலைமுடியை வெட்டி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது. பேட்டரியை மூன்று தடவை மாற்றிவிட்டேன். இதுவும் போர்டு கோளாறுதானா?

ஈயப்பற்று:

சம்பந்தமில்லாத விஷயமா! இதை முதல் பதிவிலேயே சொல்லியிருந்தால் மூன்று ஜன்னலும் தேவைப்பட்டிருக்காது.

மவுஸ் டாங்கிளும் 2.4இல் தான் பேசுகிறது. ஆக உங்கள் லேப்டாப் பக்கத்தில் 2.4 மொத்தமும் இரைச்சலாகிறது. சேனலை மாற்றியும் ஒன்றும் ஆகவில்லை என்பது அதனால்தான், பக்கத்து வீட்டு ரவுட்டராக இருந்தால் ஏதாவது ஒரு சேனலிலாவது மூச்சு விட்டிருக்கும். உங்கள் லேப்டாப்பின் வைஃபை கார்டு பி, ஜி, என் என்கிற பழைய வைஃபை வகைகள் மட்டும் தெரிந்தது, 5 பக்கம் போகவே தெரியாது. ஃபோன் சத்தமில்லாமல் 5இல் உட்கார்ந்துகொண்டு யூடியூப் ஓட்டுகிறது. ரவுட்டர் ஒன்றுதான், ஆனால் 2.4, 5 என்று இரண்டு பட்டையில் பேசுகிறது என்பது நமக்குத் தெரிவதில்லை.

இப்போது யோசித்துச் சொல்லுங்கள். முகூர்த்த மாதத்தில் மட்டும் லேப்டாப்பில் செருகுவது எது? ஆடியில் செருகாதது, கடைக்குக் கொடுத்தபோது கூடவே கொடுக்காதது?

பக்கம்36:

ஐயோ. ஹார்ட் டிஸ்க்.

ஸ்டூடியோவில் முன்பெல்லாம் பழைய டிஸ்க்கில்தான் ஃபோட்டோ தருவார்கள், சித்திரையில் அது கீழே விழுந்து போயிற்று. வைகாசியிலிருந்து புது டிஸ்க், நீல நிற முனை உள்ளது. ஒரு கல்யாணம் 40 ஜிபி வரும், அதிலிருந்தே நேராகத் திறந்து வேலை செய்வேன். வேலை முடிகிற வரை கழற்றுவதே இல்லை. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பையன் வயரைப் பிடித்து இழுத்துவிடுகிறான் என்று அதை லேப்டாப் மூடிக்குப் பின்பக்கம் வெல்க்ரோ போட்டு ஒட்டி வைத்திருக்கிறேன். ஆனால் ஒரு ஹார்ட் டிஸ்க் எப்படி அண்ணா வைஃபையைக் கெடுக்கும்? நெட்டுக்கும் அதற்கும் என்ன உறவு?

ஈயப்பற்று:

மூடிக்குப் பின்னாலா? தெய்வமே. நிறைய லேப்டாப்பில் வைஃபை ஆன்டெனா ஓடுவது திரையின் மேல் விளிம்பில்தான். ஆன்டெனாவின் காதிலேயே டிஸ்க்கைக் கட்டி வைத்திருக்கிறீர்கள்.

நீல முனை என்றால் பெரும்பாலும் யுஎஸ்பி 3. அது ஒரு விநாடிக்கு 5 ஜிகாபிட் வேகத்தில் பேசுகிறது. அந்த வேகத்தில் கம்பியில் மின்சாரம் துடிக்கும்போது வயரிலிருந்தும் முனையிலிருந்தும் டிஸ்க் பெட்டியிலிருந்தும் ஓர் இரைச்சல் கசிகிறது. ஒரு குறிப்பிட்ட புள்ளியில் இல்லாமல் அகலமாகப் பரவுகிற இரைச்சல் அது, 2.4 முதல் 2.5 ஜிகாஹெர்ட்ஸ் வரைக்கும் அதற்குள் வந்துவிடும். இது நான் கண்டுபிடித்ததில்லை. இன்டெல் 2012இலேயே இதை அளந்து ஓர் அறிக்கையாகப் போட்டது. யுஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க் ஒன்றைச் செருகினதும் 2.4 பட்டையில் இரைச்சல் மட்டம் கிட்டத்தட்ட 20 டெசிபல் ஏறியது என்று அதில் இருக்கிறது. 20 டெசிபல் என்றால் 100 மடங்கு. வயர்லெஸ் மவுஸ் திக்குவதும் அதிலேயே வருகிறது. பழைய டிஸ்க் யுஎஸ்பி 2 ஆக இருந்திருக்கும், அதன் வேகம் 480 மெகாபிட்தான், 2.4 பக்கம் இவ்வளவு தொந்தரவு தராது.

கோடு ஏன் முழுசாக இருக்கிறது என்று கேட்பீர்கள். அந்தக் கோடு ரவுட்டரின் குரல் எவ்வளவு பலமாக வந்து சேர்கிறது என்பதைக் காட்டுகிறது, பக்கத்தில் எவ்வளவு சத்தம் என்பதைக் காட்டாது. உங்கள் தொழிலிலேயே சொல்கிறேன். கெட்டிமேளம் கொட்டுகிற நேரம் தவில்காரருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு எதிரே இருப்பவர் சொல்வதைக் கேட்டுப் பாருங்கள். அவர் தொண்டை கிழியத்தான் கத்துகிறார், வாய் அசைவது நன்றாகத் தெரிகிறது, ஒரு வார்த்தை விளங்காது. ஹாட்ஸ்பாட்டும் அதனால்தான் போனது, ஃபோனை லேப்டாப்புக்குப் பக்கத்திலேயே வைத்தாலும் மேளம் லேப்டாப்பின் காதுக்கு அதைவிடப் பக்கத்தில். அப்பப்போ தானாகச் சரியாகிறது என்றால் அதுவும் இதனால்தான், டிஸ்க்கைக் கொஞ்ச நேரம் தொடாமல் இருந்தால் அது தூங்கிவிடும், மேளமும் நிற்கும்.

நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள். டிஸ்க்கைக் கழற்றிவிட்டு இரண்டு நிமிடம் ரவுட்டருக்கு பிங் ஓட்டுங்கள். அப்புறம் வழக்கம்போலச் செருகி, ஃபோட்டோக்களை காப்பி போட்டுக்கொண்டே இரண்டு நிமிடம். ஒவ்வொரு தடவையும் கன்ட்ரோல் சி அழுத்தினால் எத்தனை போனது, எத்தனை தொலைந்தது என்று கடைசியில் வரும். வைஃபை ப்ராப்பர்ட்டீஸ் பக்கத்தில் லிங்க் ஸ்பீட் (லேப்டாப்பும் ரவுட்டரும் பேசிக்கொள்ளும் வேகம்) என்ன காட்டுகிறது என்றும் பாருங்கள்.

பக்கம்36:

கழற்றி வைத்தபோது 120இல் ஒன்றுகூடத் தொலையவில்லை, லிங்க் ஸ்பீட் 72. செருகி காப்பி போட்டபோது 120இல் 47 தொலைந்தது, லிங்க் ஸ்பீட் 6.5க்கு விழுந்தது. வீட்டுக்காரரைப் பக்கத்தில் உட்காரவைத்து அவர் கையாலேயே செருகிக் கழற்றச் சொன்னேன். செருகினால் மவுஸ் திக்குகிறது, கழற்றினால் வழுக்கிக்கொண்டு போகிறது. சின்னப் பையன் ஸ்விட்ச் போட்டு விளையாடுகிற மாதிரி பத்து தடவை செய்து பார்த்தார். இதற்காகவா என் ஆக்ஷன் எல்லாம் போனது என்று அழுகையே வந்துவிட்டது.

சந்தேகி:

எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. டிஸ்க் இழுக்கிற கரண்ட்டால் வைஃபை கார்டுக்குப் பத்தாமல் போகலாமே? பழைய லேப்டாப் வேறு.

ஈயப்பற்று:

நியாயமான சந்தேகம்தான், அதையும் பார்த்துவிடலாம். சகோதரி, அதே டிஸ்க்கை, அதே நீலப் போர்ட்டில், நீளமான எக்ஸ்டென்ஷன் வயர் போட்டு மூன்றடி தள்ளி வைத்துப் பாருங்கள். கரண்ட் அதே கரண்ட்தான். சரியானால் குற்றவாளி இரைச்சல், சரியாகாவிட்டால் சந்தேகி பக்கம் யோசிக்கலாம். வயர் கொஞ்சம் தடிமனாக, உள்ளே ஷீல்டு உள்ளதாக வாங்குங்கள். மலிவு வயர் தானே ஆன்டெனா மாதிரி இரைச்சலைப் பரப்பும், இன்னும் மோசமாகிவிடும்.

பக்கம்36:

எக்ஸ்டென்ஷன் வாங்கிவிட்டேன். டிஸ்க் இப்போது மேசைக்குக் கீழே, பையன் கைக்கு எட்டாமல். 120இல் 3 தொலைந்தது, ஆல்பம் ஏறுகிறது. வயர் வருவதற்கு முன்னால் கறுப்பு முனைப் போர்ட்டிலும் (யுஎஸ்பி 2) செருகிப் பார்த்தேன், அதில் ஒன்றுமே தொலையவில்லை, ஆனால் 40 ஜிபி காப்பியாக 20 நிமிடத்துக்கு மேல் ஆகிறது. நீலத்தில் ஆறேழு நிமிடத்தில் முடிந்துவிடும்.

சந்தேகி:

சரி, ஒத்துக்கொள்கிறேன். பெயரை மாற்றிக்கொள்ள மாட்டேன்.

வயர்மேன்72:

எல்லாம் சரி, இவ்வளவு தூரம் பேசினவர்கள் ஒரு லேன் வயர் போடுங்கள் என்று யாருமே சொல்லவில்லையே. ரவுட்டர் அடுத்த அறையில்தான் இருக்கிறது. கேட்6 வயர் 10 மீட்டர், இரண்டு பக்கமும் முனை போட்டே கிடைக்கிறது. பழைய லேப்டாப் என்றால் பக்கவாட்டில் லேன் ஓட்டை பெரும்பாலும் இருக்கும், இப்போது வருகிற மெலிசுகளில்தான் அதை எடுத்துவிட்டார்கள். வைஃபை 72 காட்டினால் நிஜத்தில் அதில் பாதியோ கொஞ்சம் கூடவோதான் கிடைக்கும், வயரில் உங்கள் 100 எம்பிபிஎஸ் கிட்டத்தட்ட முழுசாக வரும். பெரிய ஃபைல் ஏற்றுகிற தொழிலுக்கு வைஃபை சரிப்படாது என்பது என் கட்சி. நான் வீடுவீடாக வயர் இழுக்கிறவன், அதனால் அப்படித்தான் சொல்வேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை.

பக்கம்36:

அண்ணா, ஆசைதான். வீடு பழைய வீடு, சுண்ணாம்புச் சுவர், ஒன்றரை அடி கனம். அதில் ஓட்டை போட மாமனார் ஒத்துக்கொள்ளமாட்டார், ஏசி குழாய்க்கே ஒரு மாதம் பேச்சுவார்த்தை நடந்தது. 5 ஜிகாஹெர்ட்ஸ் டாங்கிள் வாங்கினால் ஆகாதா?

வயர்மேன்72:

ஒன்றரை அடி சுண்ணாம்புச் சுவரா, அப்படியென்றால் 5ஐ நம்பி வாங்காதீர்கள். 5 வேகமாகப் போகும், சுவரைக் கண்டால் 2.4ஐ விடச் சீக்கிரம் தளரும். கதவைத் திறந்து வைத்தால் வரும், சாத்தினால் தடுமாறும். முதலில் ஃபோனை உங்கள் நாற்காலியில் வைத்து, கதவைச் சாத்திவிட்டு, 5இல் எப்படி வருகிறது என்று பாருங்கள், அது நன்றாக வந்தால் டாங்கிள் வாங்கலாம். சுவரில் ஓட்டை எதற்கு? நிலைக்கு மேலே, கதவுச் சட்டத்து ஓரமாக க்ளிப் அடித்துக் கொண்டுவந்தால் மாமனாருக்குத் தெரியவே தெரியாது. கதவு இடுக்கில் நசுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஈயப்பற்று:

காசே செலவழிக்காத வழியும் ஒன்று இருக்கிறது. டிஸ்க்கைச் செருகி ஃபோட்டோவை லேப்டாப்புக்குள் இருக்கிற எஸ்எஸ்டிக்கு காப்பி போட்டுவிட்டு, டிஸ்க்கைக் கழற்றி பீரோவில் வையுங்கள். எஸ்எஸ்டியிலிருந்து திறந்தால் ஃபோட்டோஷாப்பும் வேகமாகத் திறக்கும். கல்யாணத்தின் ஒரே பிரதியை மூடியில் தொங்கவிட்டுக்கொண்டு வேலை செய்வது எனக்கே பயமாக இருக்கிறது, பழைய டிஸ்க் விழுந்த கதையை நீங்களே சொன்னீர்கள்.

காவிரிக்கரை:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்கும் இதே பிரச்சினை. அப்பாவின் பழைய லேப்டாப், ஒரு வருடம் பெட்டியில் இருந்ததை எடுத்து ஓட்டுகிறேன். வைஃபை கனெக்ட் ஆகிறது, ஆனால் எந்தத் தளத்தைத் திறந்தாலும் இணைப்பு பாதுகாப்பானது இல்லை என்று சிவப்பாக வருகிறது. ஹார்ட் டிஸ்க் எதுவும் செருகவில்லை. இரைச்சல் வேறு எங்கிருந்தாவது வருமா?

ஈயப்பற்று:

இது இதே பிரச்சினை இல்லை தம்பி, பக்கத்தில்கூட வராது. உங்களுக்கு நெட் நன்றாகவே வருகிறது, இல்லாவிட்டால் அந்தச் சிவப்புப் பக்கமே வந்திருக்காது. கீழே வலது மூலையில் தேதியைப் பாருங்கள், என்ன வருடம் காட்டுகிறது?

காவிரிக்கரை:

2015 ஜனவரி 1!

ஈயப்பற்று:

அதேதான். ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு சான்றிதழ் உண்டு, இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை செல்லும் என்று அதில் எழுதியிருக்கும். உங்கள் லேப்டாப் 2015இல் வாழ்கிறது, அதன் கணக்குப்படி அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. தேதியையும் நேரத்தையும் கையால் சரி செய்யுங்கள், டைம் ஜோன் சென்னை, கொல்கத்தா என்றிருக்கிறதா என்றும் பாருங்கள், உடனே திறக்கும். அணைத்து ஆன் செய்ததும் மறுபடி 2015க்குப் போனால் போர்டில் இருக்கிற காசு பேட்டரி தீர்ந்துவிட்டது. நிறைய லேப்டாப்பில் அது சிஆர் 2032, பெட்டிக்கடையிலேயே கிடைக்கும், சிலவற்றில் அதற்கு வயர் வைத்திருப்பார்கள், அதனால் கழற்றிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். கடைக்குக் கொண்டுபோனால் ஃபார்மட் அடிக்கக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

காவிரிக்கரை:

தேதி மாற்றினேன், எல்லாம் திறக்கிறது. பேட்டரி நாளைக்குப் பார்க்கிறேன். நன்றி அண்ணா.

பக்கம்36:

வெள்ளிக்கிழமை சொன்னபடி மூன்று ஆல்பமும் லேபுக்குப் போய்விட்டது. கடைசி ஆல்பத்தை எஸ்எஸ்டியில் வைத்துத்தான் செய்தேன், ஈயப்பற்று அண்ணா சொன்னது சரிதான், ஃபைல் திறக்கிற நேரம் பாதியாகிவிட்டது. கம்பெனித் தம்பிக்கு ஃபோன் போட்டு மன்னிப்பும் கேட்டேன், அவருக்கு நான் யாரென்றே ஞாபகம் இல்லை. போர்டு மாற்ற வேண்டும் என்ற கடையில் இனி காலடி வைக்கமாட்டேன். லேன் வயருக்கு மாமனாரிடம் பேசவில்லை, நிலைக்கு மேலே மாவிலைத் தோரணம் கட்டுகிற ஆணி வரிசையாக இருக்கிறது, வயர்மேன் அண்ணா, அதிலேயே க்ளிப்பை மாட்டிக்கொள்ளலாமா?

மவுஸிலிருந்து கழற்றி டிராயரில் போட்டு வைத்திருந்த மூன்று பேட்டரியையும் எடுத்துப் பார்த்தேன். மூன்றும் நன்றாகத்தான் இருக்கின்றன. ஒன்றை ஹால் கடிகாரத்தில் போட்டிருக்கிறேன், ஓடுகிறது.